உங்கள் பாட்டு ஏன் தட்டையாகக் கேட்கிறது? கம்ப்ரஸரை எவ்வளவு திருக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும்?

டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சி, அதனால் வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறீர்கள். திடீரென்று ஒரு சோப்பு விளம்பரம். கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது.

அந்த விளம்பரத்தின் உச்ச சத்தம், படத்தின் உச்ச சத்தத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. படத்தில் ஒரு கார் வெடித்தால் அதுவும் அதே அளவைத் தொடும். ஆனால் படத்தில் அது எப்போதோ ஒரு முறை. விளம்பரத்தில் 30 விநாடியும் அந்த உச்சத்தை ஒட்டியே ஓடும். உச்சம் ஒன்றுதான், சராசரி வேறு. நம் காது சத்தம் என்று கணக்கு வைப்பது பெரும்பாலும் சராசரியை. 1994-ம் ஆண்டின் கேபிள் டிவி நெட்வொர்க் விதிகளில், விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறி சத்தமாக இருக்கக்கூடாது என்று தனியாகவே ஒரு விதி இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சராசரியை இப்படி மேலே தூக்க உதவும் கருவிதான் கம்ப்ரஸர். வீட்டில் ஒரு மைக், ஒரு லேப்டாப் வைத்துக்கொண்டு கவர் சாங்கோ பாட்காஸ்ட்டோ செய்கிறவர் என்றால் உங்கள் சாஃப்ட்வேரிலும் இது இருக்கும். கேரேஜ்பேண்ட், ரீப்பர், ஆடாசிட்டி, பேண்ட்லேப் எதைத் திறந்தாலும் கம்ப்ரஸர் கூடவே வருகிறது. சிக்கல் என்னவென்றால், அதே சோப்பு விளம்பர வேலையைத்தான் பலரும் தங்கள் குரலுக்கும் செய்துவிடுகிறார்கள். அப்லோடு செய்தபின் பார்த்தால் பாட்டு சத்தமாகவும் இல்லை, உயிரும் போயிருக்கிறது.

எம்பி3 கம்ப்ரஷன் வேறு, இது வேறு

ஃபைலின் சைஸைச் சுருக்குவதற்கும் கம்ப்ரஷன் என்றுதான் பெயர். 40 எம்பி பாட்டை 4 எம்பி ஆக்குவது அது. நாம் பேசும் கம்ப்ரஸர் சைஸைத் தொடாது. அது சுருக்குவது, பாட்டில் மெதுவான இடத்துக்கும் உரக்க வரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை. ஆங்கிலத்தில் இதற்கு டைனமிக் ரேஞ்ச் என்று பெயர்.

உள்ளே நடப்பது ஒரு ஐஎஃப் ஃபார்முலா

எக்ஸெல் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. 'சத்தம் இந்தக் கோட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியை மட்டும் இந்த எண்ணால் வகு. தாண்டாவிட்டால் அப்படியே விடு.' அவ்வளவுதான். அந்தக் கோடு த்ரெஷோல்டு. வகுக்கும் எண் ரேஷியோ.

ஒரு கணக்கு போடலாம். டிஜிட்டல் ரெக்கார்டிங்கில் 0 டெசிபல்தான் கூரை, எல்லா அளவும் அதற்குக் கீழே மைனஸில் வரும். நீங்கள் பாடியதில் உரக்கப் பாடிய வரி -4 டெசிபலைத் தொடுகிறது. கிசுகிசுப்பாகப் பாடிய வரி -24-ல் இருக்கிறது. இடைவெளி 20 டெசிபல். த்ரெஷோல்டை -12-ல் வைத்து, ரேஷியோவை 4:1 என்று வைக்கிறீர்கள். உரத்த வரி கோட்டை 8 டெசிபல் தாண்டியிருக்கிறது. 8-ஐ 4-ஆல் வகுத்தால் 2. ஆக அது -10-க்கு இறங்கிவிடும். மெதுவான வரி கோட்டைத் தொடவே இல்லை, -24-லேயே நிற்கும். இடைவெளி 20-லிருந்து 14 ஆகிவிட்டது.

இப்போது மேலே 6 டெசிபல் இடம் காலி. மேக்கப் கெயின் என்ற குமிழைத் திருகி மொத்தத்தையும் 6 டெசிபல் உயர்த்தினால், உரத்த வரி பழையபடி -4-க்கு வந்துவிடும். மெதுவான வரி -18-க்கு ஏறிவிடும். 6 டெசிபல் என்றால் ஒலி அலையின் உயரம் ஏறத்தாழ இரு மடங்கு. பேருந்திலும் மெட்ரோவிலும் இயர்ஃபோனில் கேட்பவருக்கு அந்த மெதுவான வரி இப்போதுதான் காதில் விழும். கம்ப்ரஸரின் நியாயமான பயன் இதுதான்.

இதே கணக்கில் ஒரு விலையும் இருக்கிறது. உங்கள் அறையில் சீலிங் ஃபேன் ஓடியது. அதன் இரைச்சல் -60-ல் பதிவாகியிருக்கிறது என்று வையுங்கள். அது த்ரெஷோல்டுக்கு வெகு கீழே, அதனால் கம்ப்ரஸர் அதைக் குறைக்காது. ஆனால் மேக்கப் கெயின் யாரையும் பார்ப்பதில்லை. ஃபேனும் -54-க்கு ஏறிவிடும். மூச்சு இழுக்கும் சத்தம், தெருவில் போகும் ஆட்டோ, எதிரொலிக்கும் சுவர் எல்லாமே கூடவே ஏறும். கம்ப்ரஸர் போட்ட பிறகுதான் 'ரூம் இவ்வளவு மோசமா?' என்று தோன்றுவது இதனால்தான். ரெக்கார்டிங் நேரத்தில் ஃபேனை நிறுத்துவது எந்த ப்ளக்-இன்னையும் விட நல்ல முதலீடு. வியர்க்கும், பரவாயில்லை.

அட்டாக், ரிலீஸ்: இதுலதான் விஷயமே இருக்கு

த்ரெஷோல்டும் ரேஷியோவும் எவ்வளவு என்பதைச் சொல்கின்றன. எப்போது என்பதைச் சொல்வது அட்டாக்கும் ரிலீஸும். முன்னதை எல்லாரும் சரியாகவே வைத்துவிடுகிறார்கள். பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பின்னது.

அட்டாக் என்பது, சத்தம் கோட்டைத் தாண்டிய பிறகு கம்ப்ரஸர் முழுசாகக் கையை வைக்க எடுத்துக்கொள்ளும் நேரம். இது மில்லிசெகண்டில் வரும். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'நம்' என்று விரல் விழும் அந்த முதல் சில மில்லிசெகண்டில்தான் கூர்மை இருக்கிறது. அதற்குப் பின் வருவது தோலின் ரீங்காரம். அட்டாக்கை 1 மில்லிசெகண்டில் வைத்தால் கம்ப்ரஸர் அந்தக் கூர்மையையே அமுக்கிவிடும். அடி விழுந்த மாதிரியே இருக்காது, தலையணையைத் தட்டியது போல இருக்கும். 30 மில்லிசெகண்டில் வைத்தால் கூர்மை தப்பித்து வெளியே வந்துவிடும், பின்னால் வரும் ரீங்காரம் மட்டும் அமுங்கும். விளைவு, அடி முன்பைவிடத் துல்லியமாகக் கேட்கும். அதே த்ரெஷோல்டு, அதே ரேஷியோ. ஒரு குமிழ் மட்டும் மாறியிருக்கிறது, கேட்பது நேர் எதிர்.

குரலிலும் இதே கதைதான். க, ச, ட, த, ப போன்ற எழுத்துகளின் தொடக்கம்தான் வார்த்தையைப் புரிய வைக்கிறது. அட்டாக் மிக வேகமாக இருந்தால் உச்சரிப்பு மழுங்கும். மிக மெதுவாக இருந்தால் 'ப' வரும் இடமெல்லாம் மைக்கில் குத்தும். 10 மில்லிசெகண்டை ஒட்டி ஆரம்பித்து, காதை வைத்து நகர்த்துவது பாதுகாப்பான வழி.

ரிலீஸ் என்பது, சத்தம் கோட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு கம்ப்ரஸர் கையை எடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம். இது ரொம்ப நீளமாக இருந்தால், ஒரு உரத்த வார்த்தைக்குப் பிறகு வரும் மெதுவான வார்த்தையும் சேர்ந்து அமுங்கிவிடும். ரொம்பக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவிலும் பின்னணி இரைச்சல் 'புஸ்' என்று எழும்பி எழும்பி அடங்கும். இதற்குத்தான் பம்பிங் என்று பெயர். பேஸ் கிட்டாரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். அட்டாக், ரிலீஸ் இரண்டும் அதைவிடக் குறைவாக இருந்தால் கம்ப்ரஸர் பாட்டின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அலையின் ஏற்ற இறக்கத்தையே துரத்த ஆரம்பித்துவிடும். கேட்பது கரகரப்பு.

ரிலீஸை எங்கே வைப்பது? தாளம் இருக்கும் பாட்டு என்றால் கணக்கு உதவும். 60,000-ஐ பாட்டின் பிபிஎம்-ஆல் வகுத்தால் ஒரு பீட் எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். 120 பிபிஎம் என்றால் 500. 90 என்றால் 667. அடுத்த பீட் வருவதற்குள் மீட்டரின் முள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறதா என்று பாருங்கள். முள் பாட்டோடு சேர்ந்து தலையாட்டினால் சரி. ஒரே இடத்தில் கீழே ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே சத்தம் குறைந்திருக்கிறதே தவிர ஏற்ற இறக்கம் சமன் ஆகவில்லை. அதைச் செய்ய வால்யூம் குமிழே போதும்.

கர்நாடக சங்கீதம் பாடுபவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கமகத்தில் ஸ்வரம் மட்டுமல்ல, சத்தமும் சேர்ந்து அசைகிறது. வேகமான அட்டாக், வேகமான ரிலீஸ், 6:1 ரேஷியோ என்று போட்டால் கம்ப்ரஸர் ஒவ்வொரு அசைவையும் சமன் செய்யப் பார்க்கும். சினிமா பாட்டுக்குப் பொருந்தும் ப்ரீசெட்டை ஒரு ஆலாபனைக்குப் போடுவது, என்னைக் கேட்டால், ரெக்கார்டிங்கையே வீணாக்குவதற்குச் சமம். 2:1, அதிகபட்சம் 2 அல்லது 3 டெசிபல் குறைப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் காது உங்களை ஏமாற்றும்

ப்ரீசெட் லிஸ்ட்டில் எதையோ க்ளிக் செய்கிறீர்கள். 'அட, சூப்பரா இருக்கே' என்று தோன்றுகிறது. பெரும்பாலான நேரம் நடந்தது ஒன்றே ஒன்று: சத்தம் கூடிவிட்டது. பல கம்ப்ரஸர்களில் மேக்கப் கெயின் தானாகவே ஆன் ஆகியிருக்கும். ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாவது முறை 1 டெசிபல் கூட்டி வைத்தால், பெரும்பாலானவர்கள் சத்தம் கூடியதாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது 'க்ளியரா', 'முழுசா' இருக்கிறது என்பார்கள். சத்தம் கூடும்போது தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நம் காதுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது இதற்கு முக்கியக் காரணம்.

டேட்டாவோடு வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான பிரச்சனை. இரண்டு மாநிலங்களின் குற்ற எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுக்காமல் ஒப்பிட்டால் பெரிய மாநிலம்தான் எப்போதும் மோசம் என்று வரும். கம்ப்ரஸரிலும் அதே தப்புதான். போடுவதற்கு முன், போட்ட பின் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடாதவரை உங்கள் தீர்ப்புக்கு மதிப்பில்லை.

செய்வது எளிது. ஆட்டோ கெயினை ஆஃப் செய்யுங்கள். பைபாஸ் பட்டனை ஆன், ஆஃப் செய்துகொண்டே, இரண்டு நிலையிலும் சத்தம் சமமாகக் கேட்கும்வரை மேக்கப் கெயினை நகர்த்துங்கள். காதை நம்ப முடியவில்லை என்றால் யூலீன் போன்ற இலவச லவுட்னஸ் மீட்டரைப் போட்டு எண்ணைச் சமன் செய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பட்டனைப் பலமுறை அழுத்துங்கள், எது ஆன் எது ஆஃப் என்று மறந்துபோகும் அளவுக்கு. இப்போது எது நன்றாக இருக்கிறது? 'வித்தியாசமே தெரியலையே' என்றால் அந்த இடத்துக்குக் கம்ப்ரஸர் தேவையில்லை. 'ஆஃப்தான் நல்லா இருக்கு' என்றால் அதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

வீட்டில் பாடிய குரலுக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

கம்ப்ரஸரைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. பல்லவி மெதுவாகவும் சரணத்தில் ஒரு வரி கத்தலாகவும் பதிவாகியிருந்தால், அந்த வரியைத் தனியே வெட்டி அதன் வால்யூமைக் கையால் குறைத்துவிடுங்கள். கம்ப்ரஸருக்கு எது கவிதை, எது கத்தல் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஃபோனில் ரெக்கார்டு செய்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பல ஃபோன்களில் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளேயே ஓடும். அதாவது உங்கள் கைக்கு வரும்போதே குரல் ஒரு முறை அமுக்கப்பட்டிருக்கும். அதன் மேல் 4:1 போட்டால் இரட்டை அமுக்கு.

பிறகு 3:1 ரேஷியோ, 10 மில்லிசெகண்ட் அட்டாக், 80 மில்லிசெகண்டை ஒட்டிய ரிலீஸ் என்று வைத்து, த்ரெஷோல்டை மெல்ல இறக்குங்கள். கெயின் ரிடக்‌ஷன் என்ற மீட்டரில் உரத்த வரிகளில் 3 முதல் 6 டெசிபல் குறைவது தெரிய வேண்டும். மெதுவான வரிகளில் முள் அசையவே கூடாது. எப்போதுமே அசைந்தால் த்ரெஷோல்டு அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. இதற்கு மேலும் கட்டுப்பாடு தேவை என்றால் அதே கம்ப்ரஸரை இன்னும் முறுக்காதீர்கள். இரண்டாவதாக ஒன்றைப் போட்டு, ஆளுக்கு 3 டெசிபல் என்று பிரித்துக் கொடுங்கள். ஒருவரே மூட்டை தூக்கினால் முதுகு வளைவது வெளியே தெரியும்.

பழைய ஸ்டூடியோக்களில் இந்த ஜோடிக்கு இரண்டு பிரபலமான பெட்டிகள் உண்டு. இன்று அவற்றின் நகல்கள் ப்ளக்-இன்னாக எங்கும் கிடைக்கின்றன. ஒன்று 1176. அமெரிக்க ஒலிப்பொறியாளர் பில் புட்னம் 1960-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. ட்ரான்சிஸ்டர் வேகம்; அட்டாக் மில்லிசெகண்டில்கூட இல்லை, 20 மைக்ரோசெகண்டில் தொடங்குகிறது. இன்னொன்று எல்ஏ-2ஏ. உள்ளே ஒரு விளக்கும், வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் ஒரு மின்தடையும் இருக்கும். சத்தம் கூடினால் விளக்கு பிரகாசிக்கும், ஒலி குறையும். விளக்கின் சோம்பலே அதன் இனிமை. முக்கியமான குமிழ்கள் இரண்டுதான், ரேஷியோ குமிழே கிடையாது. 1176 திடீர் உச்சங்களைப் பிடிக்கும், அடுத்து வரும் எல்ஏ-2ஏ மொத்தத்தையும் மெல்லத் தடவிக்கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: 1176-ல் அட்டாக் குமிழை வலப்பக்கம் திருகினால் வேகம் கூடும். மற்ற பல கம்ப்ரஸர்களில் அது நேர் எதிர். யூடியூப் டுடோரியலைப் பார்த்து எண்ணை அப்படியே காப்பி அடிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

'ஸ', 'ஷ' ஒலிகள் இதற்குப் பிறகு கூசும். அதற்கு டீ-எஸ்ஸர் என்று தனிக் கருவி இருக்கிறது. அதுவும் ஒரு கம்ப்ரஸர்தான், ஸ-காரம் வரும் அலைவரிசையை மட்டும் பார்த்து வேலை செய்யும்.

சத்தப் போட்டியில் இப்போது பரிசு இல்லை

'மற்ற பாட்டெல்லாம் சத்தமா இருக்கே, என்னோடது மட்டும் அடங்கிப் போகாதா?' என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் அந்தப் பயம் நியாயம்தான். சிடி காலத்தில் ஒருவர் பாட்டைவிட இன்னொருவர் பாட்டு சத்தமாக இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் முட்டிக்கொண்டன. அதன் உச்சம் 2008-ல் வந்த மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்'. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் அவ்வளவு அமுக்கப்படாமல் வந்தன. அதைக் கேட்ட ரசிகர்கள், காசு கொடுத்து வாங்கிய சிடியைவிட கேமில் நன்றாக இருக்கிறது என்று கொதித்து, ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி மனுவே போட்டார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். சராசரி சத்தத்தை மனிதக் காதுக்கு ஏற்றபடி அளக்கும் முறையை ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு 2006-ல் வரையறுத்தது. அதன் அலகு எல்யுஎஃப்எஸ். ஸ்பாட்டிஃபையின் வழக்கமான செட்டிங் -14 எல்யுஎஃப்எஸ். ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் ஆன் செய்திருந்தால் -16. அதைவிடச் சத்தமாக வரும் பாட்டை ஆப்பே இறக்கிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நீங்கள் எல்லாவற்றையும் அமுக்கி -8-ல் ஒரு பாட்டை ஏற்றுகிறீர்கள். உச்சம் -1 டெசிபல். ஸ்பாட்டிஃபை அதை 6 டெசிபல் இறக்கும். உச்சம் -7-க்குப் போய்விடும். உங்கள் நண்பர் -14-ல், அதே -1 உச்சத்தோடு ஏற்றுகிறார். அவருடையதைத் தொட மாட்டார்கள். கேட்பவருக்கு இரண்டும் ஒரே சராசரி சத்தம். ஆனால் நண்பரின் ட்ரம் அடி உங்களுடையதைவிட 6 டெசிபல் மேலே எழும்பும். நீங்கள் சத்தத்துக்காகக் கொடுத்த உயிர், எதற்கும் ஈடாகாமல் போய்விட்டது.

இதை நீங்களே சோதிக்கலாம். கம்ப்யூட்டரில் யூடியூப் வீடியோ மீது ரைட் க்ளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறங்கள். வால்யூம் வரியில் 'கன்டென்ட் லவுட்னஸ்' என்று ஒரு எண் இருக்கும். அது 6 டெசிபல் என்று காட்டினால், அந்த வீடியோ யூடியூபின் அளவைவிட 6 டெசிபல் சத்தமாக ஏற்றப்பட்டு, அதே அளவுக்குக் குறைக்கப்பட்டு உங்கள் காதுக்கு வருகிறது என்று அர்த்தம். உங்கள் பாட்டு, உங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டு என்று ஒரு ஷீட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல பொழுதுபோக்கு.

-14 என்பது வேதவாக்கும் அல்ல. குத்துப்பாட்டு -9-ல் இருந்தால்தான் அதன் நெருக்கம் வரும் என்றால் -9-ல் விடுங்கள். அங்கே நீங்கள் அமுக்குவது அந்த நெருக்கத்துக்காக. சத்தத்துக்காக என்றால் வேண்டாம். எல்லா ஆப்பிலும், எல்லாக் கருவியிலும் இந்தச் சமன்படுத்தல் இயங்குவதில்லை, கேட்பவர் அதை ஆஃப் செய்தும் வைத்திருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஃபைலைச் சேமிக்கும்போது கம்ப்ரஸர் போடாத குரல் ட்ராக்கைத் தனியாக, வேவ் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். அமுக்கிய ஒலியிலிருந்து பழைய ஏற்ற இறக்கத்தை அப்படியே மீட்டெடுக்க நம்பகமான வழி கிடையாது. மூன்று நிமிடக் குரல் ட்ராக், மோனோவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் சுமார் 26 எம்பிதான். அடுத்த வருடம் உங்கள் காது இன்னும் பழகியிருக்கும்போது, அதே பாட்டைத் திறந்து 8 டெசிபல் அமுக்கிய இடத்தில் 3 போதும் என்று தோன்றினால், அந்த ஃபைல் கையில் இருக்க வேண்டும்.